இரண்டு வெளிநாட்டுப் பேராசிரியைகள்

போட்டாதாங், யாங்கோன்
15 ஜூன் 2025

ஹுஸ்னா,

நேற்று மதியம் பால்கனி மணி அடித்தது. எட்டிப் பார்த்தால் கீழே உன் தங்கை வீட்டுக்காரர் சர்ஃபராஸ் நின்றுகொண்டு கையை ஆட்டுகிறார். வழக்கம்போல் சாமான் ஏற்றும் கயிற்றை இறக்கினேன். அவர் நுனியில் இருந்த கிளிப்பில் பொட்டலத்தை மாட்டிப் பார்த்தார். கிளிப் தாங்கவில்லை. கடைசியில் நானே ஐந்து மாடியும் இறங்கிப் போனேன்.

"பாங்காக்லேருந்து தோள்ல சொமந்துட்டு வரேன் டீச்சரம்மா. உள்ளே என்ன, அம்மிக்கல்லா?" என்றார்.

அம்மிக்கல் என்றால் உபயோகப்பட்டிருக்கும். உள்ளே கண்ணாடிக் கேடயங்கள் இருந்தன. இரண்டு. ஒன்றில் "பேராசிரியை பெர்சிஸ் ஞானமுத்து, இந்தியா" என்று பொறித்திருக்கிறது. இன்னொன்றில் "பேராசிரியை டாவ் கின் மியா தான், மியான்மர்". இருவருடைய அரிய சேவைக்கும் உங்கள் பல்கலைக்கழகம் நன்றி சொல்கிறது.

இங்குள்ள நம் தமிழ் ஆட்கள் எல்லோரையும் போல எனக்கும் வீட்டிலும் சர்ச்சிலும் ஒரு பெயர், சர்க்கார் பதிவில் ஒரு பர்மியப் பெயர். இது உனக்குத் தெரியாதா? இதே ஊரில் பிறந்தவள்தானே நீ. இந்தியாவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பேராசிரியையும் இல்லை. நாலு வருடத்துக்கு முன் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்தபோது நான் வெறும் புவியியல் விரிவுரையாளர். இப்போது உங்கள் பட்டப்படிப்புக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு, என் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஆயத்த வகுப்பு எடுக்கிறேன். அந்த வேலையைக் கேட்டு வாங்கித் தந்தவள் நீ. அதற்கு நன்றியுள்ளவள்தான். அதனால் முதலில் கேட்டுவிடுகிறேன்: இது குமாஸ்தா யாரோ செய்த பிழையா?

இன்னொன்று. என் பாடத்திட்டத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறீர்கள். "ஆற்றில் ஏற்றவற்றம் எப்படி வருகிறது என்பதை மாணவர்கள் புரிந்துகொள்வார்கள்" என்று எழுதியிருந்தேன். 'புரிந்துகொள்வார்கள்' என்பதைச் சிவப்பில் அடித்து, அளக்க முடியாத வினைச்சொல், தவிர்க்கவும் என்று குறிப்பு. 'பட்டியலிடுவார்கள்', 'வகைப்படுத்துவார்கள்' என்று எழுத வேண்டுமாம். அந்தத் தாளைப் பவானி பார்த்துவிட்டாள். ஸ்ட்ராண்ட் ரோடு கிடங்கில் வேலை செய்கிறவரின் மகள், என் வகுப்பிலேயே அதிகம் கேள்வி கேட்கிறவள். இந்தப் பிள்ளைகள் பேசுவதில் பாதிக்கு மேல் பர்மியச் சொல்தான், என்னையும் டீச்சர் என்று இல்லாமல் சயாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"அப்ப புரிஞ்சுக்கிட்டா மார்க் கிடையாதா சயாமா?" என்றாள்.

என்ன பதில் சொல்வது என்று எழுது.

பெர்சிஸ்


பாங்காக்
27 ஜூன் 2025

அன்பு பெர்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ ஸ்தோத்திரம் என்று முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. அது போதும் எனக்கு.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு மறுபடி படித்தேன். அலுவலகத்து மின்னஞ்சலில் இதையெல்லாம் எழுத முடியாது. சர்ஃபராஸ் மாதம் இரண்டு தரம் சரக்கெடுக்க வருவது அல்லா கொடுத்த தபால்.

பிழையாகத்தான் தொடங்கியது. முதலில் நீ பெர்சிஸ் என்ற பெயரில் உன் விவரம் அனுப்பினாய். பிறகு சான்றிதழ் நகல் கேட்டபோது கின் மியா தான் என்ற பெயரில் வந்தது. எங்கள் ஆள்பதிவு மென்பொருள் வெளிநாட்டிலிருந்து வாங்கியது. ஒரு ஆளுக்கு ஒரு பெயர், அதன் வாலில் ஒரு குடும்பப் பெயர் என்று அது நம்புகிறது. சின்னப் பெண் ஒருத்தி இரண்டையும் ஏற்றிவிட்டாள். பெர்சிஸ் ஞானமுத்து என்றால் எந்த நாடு என்று யோசித்து இந்தியா என்று போட்டுவிட்டாள்.

நான் கண்டுபிடித்தேன், பெர்சி. கண்டுபிடித்தும் விட்டுவிட்டேன். காரணம் சொல்கிறேன், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்.

இந்த நாட்டில் பிள்ளைப் பிறப்பு குறைந்து வகுப்பறைகள் காலியாகிவிட்டன. நம் ஊர்ப் பிள்ளைகள் வந்துதான் நாற்காலி நிரம்புகிறது. ஆனால் நாற்காலி நிரம்பினால் போதாது. உலகத் தரவரிசை வேண்டும், அதற்கு வெளிநாட்டு ஆசிரியர் விகிதம் வேண்டும். ஜூனில் திறந்துகொண்டிருந்த கல்லூரிகளை உலகத்தோடு சேர வேண்டும் என்று ஆகஸ்ட்டுக்குத் தள்ளினார்கள். பலன், ஏப்ரல் வெயிலில் பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள். சில கல்லூரிகள் வெட்கத்தோடு ஜூனுக்கே திரும்பிவிட்டன. இங்கே ஒவ்வொன்றும் எங்கிருந்தோ வந்ததுதான். தர மதிப்பீடு ஒரு நாட்டிலிருந்து, வினைச்சொல் பட்டியல் இன்னொரு நாட்டிலிருந்து, ஆங்கில அளவுகோல் மூன்றாவது நாட்டிலிருந்து. நான் வாங்கி வைக்கவில்லை. வந்து இறங்கியதைப் பிரித்து அடுக்குகிற வேலை எனக்கு.

நம் பட்டப்படிப்புத் திட்டத்துக்கு ஒரு வெளிநாட்டு ஆசிரியர் குறைந்தது. உன்னுடைய இரண்டாவது பெயர் அந்த ஓட்டையை அடைத்தது.

ஆகஸ்ட் எட்டாம் தேதி வெளி மதிப்பீட்டாளர்கள் வருகிறார்கள். வெளிநாட்டு ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் கணினித் திரையில் கால்மணி நேரம் பேச வேண்டுமாம். இரண்டு மணிக்கு பெர்சிஸ். மூன்றரைக்கு கின் மியா தான்.

கோபப்படாமல் கேள். முதலில் புடவையில் வா. பிறகு பர்மியத் தமேன் லுங்கி கட்டி, கொண்டையில் ஒரு பூ வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு வா. அவர்களுக்கு நம் முகமெல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒருநாள் கூத்து. தேறிவிட்டால் திட்டம் நிலைக்கும். உன் பிள்ளைகளின் சேர்க்கைக் கடிதங்கள் என் மேசையில் இருக்கின்றன. மதிப்பீடு முடியும்வரை கையெழுத்துப் போடக் கூடாது என்று துணைவேந்தர் சொல்லிவிட்டார். தேறாவிட்டால் திட்டத்தை மூடுவார்கள். கடிதங்கள் குப்பைக்குப் போகும். பவானியினுடையதும்தான்.

உன் ஹுஸ்னா


போட்டாதாங்
6 ஜூலை 2025

ஹுஸ்னா,

பூ வைக்கச் சொல்கிறாய்.

இதை எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்துவிட்டேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இப்போது பேசுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன் நம் ஊரிலும் கதவைத் திறந்தார்கள். வெளிநாட்டு ஆலோசகர்கள் வந்தார்கள். எங்கள் துறைக்கு ஒரு அம்மையார் வந்தார். மஞ்சள் தாளில் எங்கள் 'தொலைநோக்கை' எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். நூலகத்தில் கூரை ஒழுகுகிறது என்று நான் எழுதி ஒட்டினேன். அது தொலைநோக்கு ஆகாது என்று மென்மையாகப் பிய்த்தெடுத்தார். நாலு வருடத்துக்கு முன் ஆட்சி மாறியதும் அவர்கள் எல்லோரும் முதல் விமானத்தில் போய்விட்டார்கள். தாள்கள் மட்டும் அந்த மழைக்காலம் முழுவதும் சுவரில் ஊறிக்கொண்டு இருந்தன.

வெளியிலிருந்து கற்றுக்கொள்வது குற்றம் என்று சொல்லவில்லை. நான் கற்பிக்கும் புவியியலும் எங்கிருந்தோ வந்ததுதான். ஆனால் யோசனையைக் கடன் வாங்குகிறவர்கள், அது எந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது என்பதையும் கூடவே வாங்கி வர வேண்டாமா? பதிலை மட்டும் பெட்டியில் போட்டுத் தூக்கி வந்து, அதற்குப் பொருந்தும்படி மனிதர்களைச் செதுக்குகிறார்கள். மனிதர் போதாவிட்டால் ஒருத்தியை இரண்டாக வெட்டுகிறார்கள். வெட்டுகிற கத்தியை என் தோழி பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னும் ஒன்று உனக்குத் தோன்றவே இல்லையா? இந்த நாட்டில் எனக்குச் சர்க்கார் கொடுத்த பெயரையும், என் தகப்பனார் ஞானஸ்நானத்தில் கொடுத்த பெயரையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு வாழ எனக்கு எவ்வளவு காலம் பிடித்தது? நீயும் அப்படி வாழ்ந்தவள்தானே? அதைப் போய் ஓட்டை அடைக்கும் துணியாக்கினாய்.

பவானிக்குக் கேடயங்கள் கண்ணில் பட்டுவிட்டன. துடைத்து, ஜன்னல் பக்கம் இரண்டையும் சேர்த்து வைத்து, "சயாமா, எனக்கும்தான் ரெண்டு பேரு இருக்கு. பள்ளிக்கூடத்துல எய் எய் கைங். அப்ப எனக்கு ரெண்டு சீட்டு கெடைக்குமா? ஒண்ணை என் தங்கச்சிக்குக் குடுத்துருவேன்" என்றாள். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு கேடயங்களைத் துணி அலமாரிக்கு அடியில் தள்ளினேன்.

நான் வர மாட்டேன். ஒருத்தியாகவும் இல்லை, இரண்டு பேராகவும் இல்லை. என் பெயர்களில் ஒன்றை எடுத்துவிடு. எது என்று நீயே முடிவு செய்.

பெர்சிஸ்


பாங்காக்
14 ஜூலை 2025

பெர்சிஸ்,

உன் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன், கவனித்தாயா?

மஞ்சள் தாள் கதை நன்றாக இருக்கிறது. எழுதத் தெரிந்தவள் நீ. நான் அலுவலகத்துக்காரி, நேரே சொல்கிறேன்.

ராணுவத்தின்கீழ் வேலை பார்க்க மாட்டேன் என்று நீ வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தாய். அன்று உன்னை நினைத்து நான் அழுதேன். பெருமையால். ஆனால் வெளியே வந்தவர்கள் சாப்பிட வேண்டாமா? படித்த பிள்ளைகளுக்கு ஒரு கதவாவது வேண்டாமா? அந்தக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் விரல் நசுங்கி நிற்கிறாள். நீ உள்ளே கால் வைக்காமல், கதவு கோணலாக இருக்கிறது என்று கடிதம் எழுதுகிறாய்.

கடன் வாங்கிய யோசனை என்று எள்ளுகிறாய். அந்த யோசனைகளில் ஒன்றால்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. வெளிநாட்டவரையும் எடுக்க வேண்டும் என்று ஒரு விதி வராவிட்டால், யாங்கோன் மொகல் தெருவிலிருந்து வந்த, முக்காடு போட்ட ஒருத்தியை இவர்கள் கூட்டிப் பெருக்கக்கூட வைத்திருக்க மாட்டார்கள். அது உன் கணக்கில் சேராதா?

நம் காலத்தில் பல்கலைக்கழகத்தை மூன்று வருடத்துக்கு மேல் மூடிப் போட்டார்களே. எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, பழைய கேள்வித்தாள்களை வைத்து நாமே ஒருவருக்கொருவர் பரீட்சை நடத்திக்கொண்டது மறந்துபோய்விட்டதா? திறக்கும், திறக்கும் என்று காத்திருந்தோம். திறந்தபோது பாதிப்பேர் கல்யாணமாகி, கடைக்குப் போய், காணாமல் போயிருந்தார்கள். நீலாம்பாள் நம் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. லத்தாப் பேட்டையில் ஒரு பழ மொத்த வியாபாரிக்குக் கணக்கு எழுதுகிறாள் என்று போன வருடம் நீதான் எழுதினாய். பவானியை அந்த வரிசையில் நிறுத்தப் போகிறாயா? உன் மனசாட்சி வெள்ளையாக இருப்பதற்காகவா?

என் ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள். அதைப்பற்றி உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதும் அதைக் காட்டி உன்னிடம் கேட்டு நிற்கவில்லை.

இரண்டு மணி. மூன்றரை மணி. வந்தால் வா.

ஹுஸ்னா


போட்டாதாங்
30 ஜூலை 2025

ஹுஸ்னா,

சர்ஃபராஸ் நாளைக் காலை கிளம்புகிறார் என்று சொன்னதால் அவசரமாக எழுதுகிறேன்.

நீலாம்பாளைப் பற்றி எழுதியது என்னைத் தைத்தது. தைக்கட்டும் என்றுதான் எழுதினாய்.

பவானியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் இடம் இதில் தொங்கும்போது அவளுக்குத் தெரியாமல் நான் ஏன் தீர்மானிக்க வேண்டும்? மற்றவர்கள் போன பிறகு அவளை நிறுத்திச் சொன்னேன். நான் எதிர்பார்த்தது அழுகை, இல்லாவிட்டால் "உங்க இஷ்டம் சயாமா" என்ற பெரிய மனது. இரண்டும் இல்லை. சண்டைக்கு வந்தாள்.

"என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? நான் வேணாம்னு சொன்னா நல்ல பொண்ணு, வேணும்னு சொன்னா கெட்ட பொண்ணா? எனக்கு வேணும் சயாமா. போகணும். இங்க இருந்து நான் என்ன பண்ண?"

"அப்படின்னா நடிக்கட்டுமா?"

பாயைச் சுருட்டிக்கொண்டே, "நீங்க நடிச்சா ஒடனே கண்டுபிடிச்சிருவாங்க. ஒங்களுக்கு வராது. காய்கறிக்காரன்கிட்ட பொய்யா கோவப்படக்கூட வராது ஒங்களுக்கு" என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி, "போன வருஷம் பரீட்சையில காப்பி அடிச்சதுக்கு என் தாளைக் கிழிச்சீங்க, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு ரொம்பத் திட்டினேன் ஒங்களை, பர்மாப் பாஷையில" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

வரமாட்டேன் என்று எழுதியதைத் திருத்துகிறேன். இரண்டு மணிக்கு வருவேன், ஒரு தடவை. மூன்றரைக்கு இல்லை. கேட்டால் உள்ளதைச் சொல்வேன். கேட்காவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இதை முன்கூட்டி உன்னிடம் சொல்லிவிடுவது நியாயம் என்று பட்டது. உன் விரல் நசுங்குவது எனக்குத் தெரியாமல் இல்லை.

பெர்சிஸ்


போட்டாதாங்
10 ஆகஸ்ட் 2025

ஹுஸ்னா,

நடந்தது உனக்கு வேறு வழியில் தெரிந்திருக்கும். என் வாயாலும் தெரியட்டும்.

ஒரு மணிக்கே மின்சாரம் போய்விட்டது. எதிர்வீட்டு ஃபஹீமாவின் பேட்டரியிலிருந்து ஒரு வயர் இழுத்துக்கொண்டேன். "மாப்பிள்ளை பார்க்க வர்றாங்களா டீச்சர், புடவையெல்லாம் பலமா இருக்கு?" என்று கேட்டாள். ஆம், புடவைதான் கட்டியிருந்தேன். நீ சொன்னதற்காக இல்லை. வகுப்புக்கு நான் கட்டுவது அதுதான்.

திரையில் மூன்று பேர். நடுவில் வயதான தாய்லாந்து அம்மையார். ஒரு பக்கம் வெளிநாட்டுக்காரர். இன்னொரு பக்கம் குறிப்பெடுக்கும் இளைஞர், அவர் கடைசி வரை நிமிரவில்லை. மரியாதையாகவே பேசினார்கள். உங்கள் பாடம் எந்த எந்தக் கற்றல் விளைவுகளோடு பொருந்துகிறது என்று கேட்டார்கள். சொன்னேன். எப்படி அளக்கிறீர்கள் என்றார்கள். சொன்னேன். பிள்ளைகளின் பெயர்கூட ஒருவரும் கேட்கவில்லை. கால்மணி முடியப் போனது. யாரும் கேட்காமலே தப்பித்துவிடுவேன் போலிருந்தது. அதை நினைத்து எனக்கு ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது வெளிநாட்டுக்காரர் தாளைப் பார்த்து, "கடைசியாக ஒன்று. இதே ஊரிலிருந்து இதே பாடத்தை நடத்தும் உங்கள் சக ஆசிரியை டாவ் கின் மியா தானுடன் நீங்கள் எப்படி ஒத்துழைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"ஒரே தட்டில் சாப்பிடுகிறோம்" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். ஆண்டவரே, எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்! அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டும் நான்தான் என்றேன். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். பதிவு பிழையாக நேர்ந்தது என்றும், பிழை என்று தெரிந்த பிறகும் ஒரு எண் நிறைவதற்காக விடப்பட்டது என்றும் சொன்னேன். யார் விட்டது என்று கேட்டார்கள். அதைச் சொல்ல முடியாது என்றேன். ஆனால் அலுவலகத்தில் இருப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியாதா?

தாய்லாந்து அம்மையார் வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிப்பா, வேறா, தெரியவில்லை. வெளிநாட்டுக்காரர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் குறிப்பதற்கு இதில் இடமில்லையே" என்றார். நான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் தொண்டைக்கு வந்தது. அதற்குள் ஃபஹீமாவின் பேட்டரி கொடுத்ததே போதும் என்று படுத்துவிட்டது. இருட்டான திரையில் என் முகம்தான் தெரிந்தது. இருந்தது ஒன்றுதான்.

மறுநாள் பிள்ளைகள் வந்தார்கள். பவானி வரவில்லை. இன்றும் வரவில்லை. வாசலில் அவளுடைய குடை இருக்கிறது, மழையில்லாத அன்று மறந்துவிட்டுப் போனது.

நான் செய்தது சரி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. சரியானதைச் செய்தவள் இப்படி வாசல் குடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா என்பதில்தான் சந்தேகம்.

உனக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுது.

பெர்சிஸ்


பாங்காக்
19 ஆகஸ்ட் 2025

அன்பு பெர்சி,

ஒரு வரி கேட்டாய். கொஞ்சம் கூடவே எழுதுகிறேன்.

திட்டத்தை மூடிவிட்டார்கள். வெளிநாட்டு ஆசிரியர் எண்ணிக்கை ஒன்று குறைவு, ஆவண நம்பகத்தன்மை போதாது. என் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்களாம். துணைவேந்தர் வெகு கனிவாகச் சொன்னார். பக்கத்து அறையில் இருந்தவர்கள் அன்று முதல் என்னைக் கண்டால் மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியில் போகிறார்கள். உடம்புக்கு நல்லது.

அந்தத் தாய்லாந்து அம்மையார் போகும்போது என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "என் தகப்பனாருக்கும் இரண்டு பெயர். வீட்டில் சீனப் பெயர், பதிவில் தாய்லாந்துப் பெயர். நான் சின்னவளாக இருந்தபோது, வாசலில் யார் வந்து எந்தப் பெயரால் கேட்கிறார்கள் என்பதை வைத்து அவர் இருக்கிறார், இல்லை என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். உங்கள் தோழி சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது" என்றார். அப்படியானால் அறிக்கையில் அதை எழுதுங்களேன் என்று கேட்டேன். புரிந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் வழியில்லை என்றார். என்னைவிட அவர்தான் அதிகமாக வெட்கப்பட்டார்.

இப்போது கேள். இந்தக் கடிதத்தோடு சர்ஃபராஸ் ஒரு கனத்த உறை தருவார். கயிறு தாங்கும், பயப்படாதே. உள்ளே சேர்க்கைக் கடிதங்கள். உன் பிள்ளைகள் எல்லோருக்கும். கையெழுத்துத் தேதியைப் பார். ஆகஸ்ட் ஏழு. மதிப்பீட்டுக்கு முந்திய நாள். அன்றே அலுவலகப் பதிவிலும் ஏற்றிவிட்டேன்.

இரண்டு மணிக்கு வருவேன், கேட்டால் உள்ளதைச் சொல்வேன் என்று எழுதினாயே. அதைப் படித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? அன்று முழுதும் உன்னைத் திட்டிக்கொண்டே எங்கள் தர மதிப்பீட்டுக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் எழுதிக் கொடுத்துப் போனது. அலங்காரமாக அலமாரியில் இருக்கும், ஒருவரும் படிப்பதில்லை. அதில் ஒரு விதி: திட்டம் மூடப்பட்டாலும், சேர்க்கைக் கடிதம் கையெழுத்தாகிப் பதிவான மாணவரைப் படித்து முடிக்கும்வரை பல்கலைக்கழகம் கைவிடக் கூடாது. எங்கோ எந்த நாட்டிலோ ஏமாற்றப்பட்ட பிள்ளைகளுக்காக யாரோ சண்டை போட்டு வாங்கிய விதியாக இருக்க வேண்டும். பதிலோடு கேள்வியும் சேர்ந்து வர வேண்டும் என்றாயே, இது ஒன்று அப்படி வந்திருக்கிறது. துணைவேந்தர் நேற்று அதை மூன்று தரம் படித்தார். கையேட்டை மறுத்தால் மதிப்பீட்டையே மறுத்ததாகும். முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

கையெழுத்துப் போடாதே என்று சொன்ன பிறகு போட்டதற்காகத்தான் எனக்கு வேலை போகிறது, நீ பேசியதற்காக இல்லை. அந்தப் பழியை நீ எடுத்துக்கொள்ள விட மாட்டேன்.

ஆனால் முதலில் நான் செய்தது தப்பு. பூ வைக்கச் சொன்னது பெரிய தப்பு.

ஹுஸ்னா


போட்டாதாங்
2 செப்டம்பர் 2025

ஹுஸ்னா,

உறை வந்தது. கயிறு தாங்கியது.

குடையை எடுத்துக்கொண்டு பவானி வீட்டுக்கு நானே போனேன். கடிதத்தை அவள் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகளிடம் நீட்டினார். அவள் வாசித்தாள். உள்ளே போய் எனக்கு ஒரு கிண்ணத்தில் மீன் சாறு ஊற்றிய மொஹிங்கா கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நான் ஒங்களை மறுபடியும் பர்மாவுல திட்டிட்டேன் சயாமா, இத்தனை நாளும்" என்றாள். தெரியும் என்றேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். நீ அந்த எண்ணைத் திருத்தாமல் விட்டது தப்புதான். அதன் பிறகு செய்தது நான் யாரிடமும் எதிர்பார்க்காதது. இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு மதிப்பெண் போட எனக்கு வரவில்லை. கோபம் குறையவில்லை, ஹுஸ்னா. ஆனால் அது உன்மேல் வந்து நிற்பதில்லை. கையேட்டை எழுதுகிறவர்கள்மேலும் இல்லை. படிக்காமல் வாங்கி, படிக்காமல் அடுக்கி, அதில் பொருந்தாத ஆளை ஆளே இல்லை என்று சொல்கிறார்களே, அந்தப் பெரிய மனிதர்கள்மேல் நிற்கிறது. அங்கேயே நிற்கட்டும்.

செப்டம்பருக்குப் பிறகு எங்கே இருப்பாய்? என் கூடத்தில் பாய் இருக்கிறது. நீ வர நினைக்க மாட்டாய், வரச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் இருக்கிறது.

வரும் சனிக்கிழமை பவானி பாங்காக் வருகிறாள். பாஸ்போர்ட்டில் எய் எய் கைங் என்றிருக்கும். கூட்டத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று திரும்ப மாட்டாள். பவானி என்று கூப்பிடு. உன் மேசையில் இருக்கும் கடைசி வாரங்களில் ஒரு வேலை செய். அந்த மென்பொருளைத் திறந்து, அவள் பதிவு எத்தனை இருக்கிறது என்று பார்.

அவள் ஒருத்தி. ஒருத்தியாகவே எண்ணு.

பெர்சிஸ்